பின்கோடு 39

கேள்வி: பி.காம். முடித்து, டேலியும் படித்திருக்கிறேன். ‘பில்லிங் வேலைக்கு ஆள் தேவை, அருகில் வசிப்போருக்கு முன்னுரிமை’ என்ற விளம்பரத்தைப் பார்த்துப் புரசைவாக்கத்தில் ஒரு கடைக்குப் போனேன். சான்றிதழ்களைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டே வந்த மேலாளர், ‘வியாசர்பாடி, சென்னை-39’ என்ற வரியில் விரலை வைத்து நிறுத்தினார். பிறகு தாளை மடித்துக் கொடுத்து, “சொல்லி அனுப்புகிறோம்” என்றார். இது மூன்றாவது கடை. அண்ணா நகர் அத்தை வீட்டு முகவரியைக் கொடுக்கச் சொல்கிறார் அம்மா. கொடுக்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, வியாசர்பாடி

பதில்: கொடுக்காதீர்கள், சகோதரி. வேலையில் சேரும் நாளில் ஆதார் நகல் கேட்பார்கள்; இன்று உங்கள் மீது சொல்ல ஒரு குறையும் இல்லாதவர்கள், அன்று ‘பொய் சொன்ன பெண்’ என்று அனுப்பிவிடுவார்கள்.

அண்ணா நகரைவிட வியாசர்பாடிதான் புரசைவாக்கத்துக்குப் பக்கம். அருகில் வசிப்பவருக்கு முன்னுரிமை என்று அச்சிட்டவர்கள், அருகிலிருந்து வந்த உங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள் என்றால், வியாசர்பாடி என்றாலே தலித் மக்கள் வாழும் பகுதி என்று முடிவுகட்டி, அந்த மேலாளர் முகவரியில் உங்கள் சாதியைத்தான் படித்திருக்கிறார். சாதியைக் கேட்டால் தப்பு என்று தெரிந்துகொண்டவர்கள் இப்போது ஏரியாவைக் கேட்கிறார்கள். பொருளியலாளர் சுகதேவ் தோரட்டும் சமூகவியலாளர் பால் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், நாளிதழில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியோடு, பெயரை மட்டும் மாற்றி விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகவும், முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்காகவும் இருந்தது. அங்கே பெயர் செய்ததை இங்கே பின்கோடு செய்கிறது. வடசென்னையின் பின்னி நெசவாலைத் தொழிலாளர்கள் 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியெழுப்பிய வட்டாரத்தின் பிள்ளைகள், இன்று ஊர்ப் பெயரை மறைக்க வேண்டியிருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

சட்டம் உங்களுக்குப் பாதி வழிதான் வருகிறது. சாதி, மதம், பால், பிறப்பிடம் ஆகியவற்றோடு ‘வசிப்பிடம்’ என்ற சொல்லையும் வெளிப்படையாக எழுதி, இவற்றின் பேரில் மட்டும் ஒருவரை ஒதுக்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 16(2)ஆம் பிரிவு; ஆனால் அது அரசு வேலைக்கு மட்டுமே பொருந்தும். தனியார் முதலாளி பெண் என்பதற்காக மறுத்தால் கேட்பதற்கும், திருநர் என்பதற்காக மறுத்தால் கேட்பதற்கும் சட்டம் உண்டு. வியாசர்பாடி என்பதற்காக மறுத்தால் கேட்க அப்படியொரு சட்டம் இல்லை. சமூகப் பின்புலத்தின் பேரில் வேலை மறுப்பதைப் பாகுபாடு என்று சொல்லும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் (ஐ.எல்.ஓ.) 111ஆம் உடன்படிக்கையை இந்தியா 1960இலேயே ஏற்றிருக்கிறது. அதைத் தனியார் கடை வாசல் வரை கொண்டுவரும் சட்டத்தை, ஓட்டுக் கேட்டு உங்கள் தெருவுக்கு வரும் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்.

‘அருகில் வசிப்போருக்கு முன்னுரிமை’ என்ற வரியை, பெண்களுக்கு அலைச்சல் குறையுமே என்று நினைத்து, நம் வரி விளம்பரப் பகுதியில் நானே பலமுறை அனுமதித்திருக்கிறேன். அடுத்த இதழிலிருந்து அது வராது. விளம்பரத் துண்டையும், நீங்கள் போன தேதியையும் எனக்கு அனுப்பி வையுங்கள். உங்கள் பெயரைச் சொல்லாமல் அந்தக் கடை நிர்வாகத்திடம் எழுத்தில் விளக்கம் கேட்டு, அவர்கள் தரும் பதிலை இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.