டிஎன்ஏ படிப்பு: 'வேலை கிடைக்குமா' என்று கேட்கும் முன்

வணக்கம் அம்மா,

உங்கள் மகள் உயர்நிலை நான்கில் இருக்கிறாள். உயிரியலில் கெட்டிக்காரி. தொடக்கக் கல்லூரி வேண்டாம், பலதுறைத் தொழிற்கல்லூரியில் உயிர்த்தொழில்நுட்பம்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள். டாக்டராக வேண்டிய பிள்ளை லேபில் குழாய் கழுவப் போகிறாளே என்று எழுதியிருக்கிறீர்கள். வேலை கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேலையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அந்த வேலையில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று உங்கள் இருவருக்கும் தெரியுமா?

பாடப்புத்தகத்தில் பிசிஆர், அதாவது டிஎன்ஏ துண்டைப் பல மடங்கு நகலெடுக்கும் முறை, அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். ஏறக்குறைய 95 டிகிரியில் டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் பிரிகின்றன. சூட்டை 55 அல்லது 60க்கு இறக்கினால் பிரைமர் என்ற சிறு துண்டுகள் தங்களுக்குரிய இடத்தில் ஒட்டிக்கொள்கின்றன. 72ல் நொதி புது இழையைக் கட்டுகிறது. இப்படி 30 சுற்று ஓட்டினால், கணக்குப்படி, ஒரு துண்டு நூறு கோடிக்கு மேல் பெருகும். அத்தனை சூட்டில் சாதாரண நொதி வீணாகிவிடும். யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு பாக்டீரியாவின் நொதி தாங்குகிறது. உயிரியல் பாடத்திலேயே அழகான பகுதி இதுதான் என்பேன்.

மேசையில் உட்கார்ந்தால் கதை வேறு. மிகச் சிறிய அளவு திரவத்தை உறிஞ்சும் கருவியான மைக்ரோபிப்பெட்டில் எடுப்பது ஒரு மைக்ரோலிட்டர், அதாவது ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கட்டைவிரலை முதல் நிறுத்தம் வரை அழுத்தி உறிஞ்ச வேண்டும், வெளியே விடும்போது இரண்டாவது நிறுத்தம் வரை போக வேண்டும். மாற்றிச் செய்தால் அளவு தப்பு. ஒவ்வொரு மாதிரிக்கும் பிப்பெட்டின் நுனியில் புது டிப் மாட்ட வேண்டும். கூடவே டிஎன்ஏ போடாத ஒரு குழாயையும் ஓட்ட வேண்டும். பிறகு ஜெல்லில் பார்க்கும்போது அதிலும் டிஎன்ஏ பட்டை தெரிந்தால் எங்கோ கலந்துவிட்டது என்று அர்த்தம், அன்றைய வேலை மொத்தமும் குப்பைக்குப் போகும். பிறகு டிஎன்ஏ துண்டுகளை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல். வீட்டில் செய்யும் அகர் அகரிலிருந்து பிரித்துச் சுத்தப்படுத்திய அகரோஸ்தான் அது. டிஎன்ஏவுக்கு எதிர்மின்னூட்டம் என்பதால் நேர்முனையை நோக்கி ஓடும், சிறிய துண்டு முன்னால், பெரியது பின்னால். கம்பிகளை மாற்றிச் செருகினால் டிஎன்ஏ பின்பக்கமாக ஓடித் தொலையும். முதல் ஆண்டில் யாராவது ஒருவர் இதைச் செய்யாமல் விடமாட்டார்.

இப்படி வீணான வேலையை மறுநாள் முகம் சுளிக்காமல் திரும்பச் செய்ய முடிகிற பிள்ளைக்குத்தான் இந்தத் துறை. மதிப்பெண்ணை வைத்து இதைச் சொல்ல முடியாது. பொறுமையும் கை நிதானமும் இல்லாத ஏ1 மாணவர்கள் இரண்டாம் ஆண்டில் சலித்துப்போவதைப் பார்க்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம். பெற்றோர் பலருக்கு பயோடெக் என்றால் சிங்கப்பூரின் புவன விஸ்தாவில் 2003ல் திறந்த பயோபொலிஸ் ஆராய்ச்சி வளாகம்தான் நினைவுக்கு வரும். அங்கே சொந்தமாக ஆராய்ச்சியை நடத்த வேண்டுமென்றால் முனைவர் பட்டம் வேண்டும். டிப்ளோமா, பட்டம், அதற்குமேல் நான்கைந்து ஆண்டுகள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். டிப்ளோமாவோடு போனால் ஆய்வுக்கூட உதவியாளர் வேலை கிடைக்கலாம். ஆனால் ஆய்வு நிதியை நம்பிய பணி பெரும்பாலும் ஒப்பந்த முறைதான். இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை.

அதிகம் பேசப்படாத இடம் தொழிற்சாலைகள் நிறைந்த துவாஸ். ஆம்ஜென், நோவார்டிஸ், லோன்சா போன்ற நிறுவனங்கள் அங்கே உயிரணுக்களைப் பெரிய கலன்களில் வளர்த்து மருந்து எடுக்கின்றன. இதன் மூலக் கதை பிள்ளைக்கும் தெரிந்திருக்கும்: மனித இன்சுலின் மரபணுவை ஈகோலை பாக்டீரியாவுக்குள் வைத்து இன்சுலின் எடுத்தது 1978ல், அது மருந்தாக அனுமதி பெற்றது 1982ல். அதற்கு முன் பன்றி, மாட்டின் கணையம்தான் கதி. துவாஸில் ஷிஃப்ட் உண்டு, தலை முதல் கால் வரை மூடிய உடை உண்டு, செய்த ஒவ்வொன்றையும் பதிந்து கையெழுத்துப் போட வேண்டும். பள்ளியில் கண்ட கனவு மாதிரி இருக்காது, ஆனால் டிப்ளோமாவோடு நிலையான சம்பளத்துக்கு நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான்.

மருத்துவமனைப் பரிசோதனைக்கூடம் இன்னொரு வழி. 2020ல் அரசாங்க ஆராய்ச்சி அமைப்பான ஏ ஸ்டாரும் டான் டோக் செங் மருத்துவமனையும் உருவாக்கிய ஃபோர்டிட்யூட் கோவிட் சோதனைக் கருவியும் பிசிஆர்தான். குற்றச் சம்பவங்களில் டிஎன்ஏ ஒப்பிடுவது சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஆய்வுக்கூடம். தொலைக்காட்சித் தொடர் பார்த்து ஆசைப்படும் பிள்ளைகளுக்கு இங்கே இடங்கள் மிகக் குறைவு என்று சொல்லிவிடுங்கள். உணவுத் துறையும் இருக்கிறது: ஆய்வுக்கூடத்தில் வளர்த்த கோழி இறைச்சியை விற்க 2020 டிசம்பரில் உலகிலேயே முதலில் அனுமதித்தது சிங்கப்பூர். அதை நம்பி மட்டும் பாடத்தைத் தேர்ந்தெடுக்க நான் சொல்லமாட்டேன்.

மரபணுத் தரவைக் கணினியில் அலசுவதுதான் இப்போது வேகமாக வளர்ந்துகொண்டிருக்கிற வேலை. மனித மரபணுத்தொகுதியில் ஏறக்குறைய 300 கோடி எழுத்துகள், கண்ணால் படிக்கிற காரியமா? கணக்கும் பைத்தான் என்ற கணினி நிரல்மொழியும் தெரிந்த உயிரியல் பிள்ளைக்கு மதிப்பு தனி. ஆகவே உயிரியல் பிடிக்கும் என்பதற்காகக் கணக்கைக் கைவிட அவளை விடாதீர்கள்.

டாக்டர் ஆசை யாருடையது என்று மட்டும் வீட்டில் நிதானமாகப் பேசுங்கள். அவளுடையது என்றால் தொடக்கக் கல்லூரியில் வேதியியலும் உயிரியலும் எடுப்பதுதான் நேர்வழி. டிப்ளோமா முடித்தும் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கலாம், மிகச் சிலருக்கே கிடைக்கும். பட்டம் பெற்ற பிறகு சேரும் டியூக்-என்யூஎஸ் மருத்துவப் பள்ளியும் இருக்கிறது. ஆனால் டாக்டராவதற்குப் பின்வாசல் என்று நினைத்து பயோடெக்கில் சேர்க்க வேண்டாம். ஆசை உங்களுடையது மட்டும் என்றால், அவளை விட்டுவிடுங்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: ஜனவரியில் கல்லூரிகள் ஓபன் ஹவுஸ் நடத்தும்போது மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரைப் பிடித்து, வாரத்தில் எத்தனை மணி நேரம் சொந்தக் கையால் பிப்பெட் பிடிக்கிறார், வேலைப் பயிற்சிக்கு எங்கே போனார் என்று மகளையே கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் சற்றுத் தள்ளி நில்லுங்கள், அம்மா பக்கத்தில் நின்றால் அவர்கள் உள்ளதைச் சொல்லமாட்டார்கள். ஆர்வத்தையும் திறனையும் பார்த்து முன்கூட்டியே இடம் தரும் இஏஇ வழியாக விண்ணப்பிக்க நினைத்தால் தேர்வு முடிவுக்கு முன்பே அதன் காலக்கெடு முடிந்துவிடும். சில படிப்புகளில் நிறப்பார்வை குறித்த நிபந்தனையும் இருக்கிறது, படிவம் நிரப்புமுன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.