எஞ்சின மொதல்ல டிரம்முல ஓட்டிப் பாருங்க

இந்த தடவ வந்த கேள்வில பாதி கெர்னல் (லினக்ஸ் மாதிரி ஆபரேட்டிங் சிஸ்டத்தோட உள்மையம்) கோடுக்கு டெஸ்ட் எழுதுறத பத்திதான், அதனால மத்ததெல்லாம் அடுத்த இதழுக்கு ஒதுக்கியாச்சு, கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: அண்ணே, நான் இன்ஜினியரிங் கடைசி வருஷம். குலசேகரம் பக்கம் மாமாவுக்கு ரப்பர் தோட்டம் உண்டு. ஷீட் காயப்போடுற புகைப்புரைல வைக்கதுக்கு ராஸ்பெர்ரி பைங்கிற சின்ன கம்ப்யூட்டர் போர்டுல ஒரு டெம்பரேச்சர் சென்சாருக்கு சொந்தமா டிரைவர் (சென்சார்கிட்ட பேசுற கெர்னல் கோடு) எழுதுறேன். அந்த டிரைவர் மாட்யூல கெர்னல்ல லோடு பண்ணினா பாதி நேரம் போர்டு அப்பிடியே ஸ்டக் ஆகுது, ஒவ்வொரு தடவையும் கரண்ட புடுங்கி மாட்ட வேண்டியிருக்கு. சார் யூனிட் டெஸ்ட் (ஒவ்வொரு பங்ஷனையும் தனியா சோதிக்கிறது) எழுதுன்னு சொல்லுறாரு. கெர்னலுக்குள்ள ஓடுற கோட எப்பிடி தனியா டெஸ்ட் பண்ண?
(வாசகர், தக்கலை)

பதில்: தம்பி, குளச்சல் கடப்புறத்துல பாத்திருப்ப, அவுட்போர்டு மோட்டார ரிப்பேர் பாத்த மெக்கானிக் அத நேரா வள்ளத்துல மாட்டி கடலுக்கு அனுப்ப மாட்டாரு, ஒரு டிரம்முல தண்ணிய ரொப்பி அதுக்குள்ள முக்கி ஸ்டார்ட் பண்ணி சத்தத்த கேட்டுட்டுதான் விடுவாரு. நீ இப்ப ஒவ்வொரு ஸ்க்ரூவ திருகினதுக்கும் கடலுக்குப் போயி கவுந்துட்டு வாற.

லினக்ஸ்ல அந்த டிரம்முக்கு பேரு யூசர் மோடு லினக்ஸ். கெர்னலையே ஒரு சாதாரண புரோகிராம் மாதிரி கம்பைல் பண்ணி உன் லேப்டாப்புல ஓட்டலாம், அது செத்தா அந்த ஒரு புரோசஸ்தான் சாகும், நீ பாட்டுக்கு சாயா குடிச்சுட்டு அடுத்த தடவ ஓட்டலாம். அதுக்கு மேல கேயுனிட்னு ஒரு டெஸ்ட் பிரேம்வொர்க் இருக்கு, 2020 ஜனவரில வந்த 5.5 கெர்னல்ல இருந்து லினக்ஸ் சோர்ஸ் கூடவே வருது. அந்த சோர்ஸ்க்குள்ளயே டூல்ஸ், டெஸ்டிங், கேயுனிட்னு போனா ஒரு பைத்தான் ஸ்க்ரிப்ட் கெடக்கும், அதுக்கு ரன்னு சொன்னா போதும், கம்பைல் பண்ணி, பூட் பண்ணி, டெஸ்ட ஓட்டி, எது பாஸ் எது பெயில்னு அதுவே சொல்லிரும். மொதல் தடவ கம்பைல் ஆக நேரம் எடுக்கும், அதுக்கப்புறம் கோடு மாத்தி மாத்தி ஓட்டுறது சட்டுனு முடியும்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வாறேன். உன் டிரைவர மொத்தமா டெஸ்ட் பண்ண நினைச்சியோ, அங்கயே மாட்டிக்குவ. அதுல வயர் வழியா சென்சார்கிட்ட பேசுற பகுதி ஒண்ணு, வந்த நம்பர டிகிரியா மாத்துற கணக்கு இன்னொண்ணு. ரெண்டும் ஒரே பங்ஷன்ல பின்னி கெடக்கும், எழுதும்போது எல்லாரும் அப்பிடித்தான் எழுதுவோம். அந்த கணக்க தனி பங்ஷனா உருவி எடு. உள்ள ஒரு நம்பர் போகணும், வெளிய ஒரு நம்பர் வரணும், வேற எதையும் தொடக்கூடாது.

உன் சென்சார் 12 பிட், ஒரு படிக்கு 0.0625 டிகிரின்னு வச்சுக்குவோம், நெறைய சென்சார் அப்பிடித்தான். 400னு வந்தா 25 டிகிரி. கெர்னலுக்குள்ள தசமப்புள்ளி கணக்கு போடுற வழக்கம் கெடையாது, அதனால மில்லி டிகிரில 25000னு திருப்பி குடுக்கணும், இது எல்லாருக்கும் சரியா வந்துரும். ஆனா மைனஸ் 25 டிகிரிக்கு சென்சார் அனுப்புறது 3696. மேல் பிட்டு மைனஸ் குறிங்கிறத மறந்தா உன் டிரைவர் அத 231 டிகிரின்னு சொல்லும்! புகைப்புரைல எந்த காலத்துல மைனஸ் வரப்போகுதுன்னு கேப்ப, வராதுதான், அதனாலதான் அங்க வச்சு எத்தன மாசம் ஓட்டினாலும் இந்த தப்பு கண்ணுல படாது, டெஸ்ட்ல 3696ன்னு ஒரு வரி எழுதினா அர நிமிஷத்துல படும்.

இன்னும் ஒண்ணு. 4095 வந்தா மைனஸ் 62.5 மில்லி டிகிரி, முழு எண்ல என்ன குடுப்ப? 625 ஆல பெருக்கி 10 ஆல வகுத்தா மைனஸ் 62 வரும், 1000 ஆல பெருக்கி நாலு பிட்டு வலது பக்கம் தள்ளினா மைனஸ் 63 வரும். எது வேணும்னு நீதான் முடிவு பண்ணணும், டெஸ்ட் எழுத ஒக்காந்தாதான் இப்பிடி ஒரு கேள்வி இருக்குன்னே தெரியும்.

இந்த மாதிரி பெரியவங்க எழுதினதையும் பாரு. டிஸ்க்குல பைல அடுக்கி வைக்கிற ஈஎக்ஸ்டி4 பைல் சிஸ்டத்துக்கு ஒரு கேயுனிட் டெஸ்ட் உண்டு, பைலோட நேரத்த படிக்கிற கணக்குக்கு. 32 பிட்டுல செகண்ட எண்ணுற நேரம் 2038 ஜனவரி 19ஓட தீந்துரும், ஈஎக்ஸ்டி4 கூட ரெண்டு பிட்டு சேத்து 2446 வர இழுத்திருக்கு, அந்த ஓரத்து தேதிய ஒவ்வொண்ணா குடுத்து சரியா வருதான்னு பாக்குது. டிஸ்க் வேண்டாம், 2038 வர காத்திருக்கவும் வேண்டாம்.

கேள்வி: என்னோட பங்ஷன் எல்லாமே ஸ்டேட்டிக், அதாவது அந்த பைலுக்கு வெளிய தெரியாது. டெஸ்ட் பைல்ல இருந்து கூப்பிட்டா பைல்கள ஒண்ணா சேக்குற லிங்கர் கத்துது. டெஸ்டுக்காக ஸ்டேட்டிக்க எடுத்துரலாமா?
(வாசகி, மார்த்தாண்டம்)

பதில்: எடுக்காதீங்க, ரிவ்யூல திட்டு விழும். பழைய வழி, டெஸ்ட் பைலையே அந்த சி பைலோட கடைசில இஃப்டெஃப் (டெஸ்ட் ஆன்ல இருந்தா மட்டும் சேருன்னு ஒரு நிபந்தன) போட்டு இன்க்ளூட் பண்ணுறது, பாக்க அழுக்கா இருக்கும் ஆனா வேல செய்யும். புது வழி, கேயுனிட் ஆன்ல இருக்கும்போது மட்டும் ஸ்டேட்டிக் இல்லாம ஆக்குற ஒரு மேக்ரோ உண்டு, விசிபிள் இஃப் கேயுனிட்னு பேரு, டெஸ்ட் இல்லாத பில்டுல அது பழையபடி ஸ்டேட்டிக்தான். எனக்கு ரெண்டாவதுதான் பிடிக்கும்.

சொல்ல மறந்துட்டேன், நீங்க அனுப்பின கோடுல மெமரி வாங்கின உடனே எக்ஸ்பெக்ட்ங்கிற சோதன வரிய போட்டிருக்கீங்க. எக்ஸ்பெக்ட் தோத்தாலும் டெஸ்ட் மேல ஓடும், மெமரி கெடைக்கலன்னா அடுத்த வரில நல் பாயிண்டர (எங்கயும் காட்டாத முகவரிய) தொட்டு மொத்தமும் விழும், மிச்ச டெஸ்ட் ரிசல்ட்டும் கூடவே போச்சு. அங்க அசர்ட் போடணும், அது தோத்தா அந்த கேஸ அங்கயே நிறுத்திரும். அதே மாதிரி கேயுனிட்டுக்குன்னு உள்ள அலொகேஷன் பங்ஷன்ல வாங்குங்க, டெஸ்ட் முடிஞ்சதும் அதுவே திருப்பி குடுத்துரும்.

கேள்வி: கேசெல்ப்டெஸ்ட் ஏற்கனவே இருக்கே, கேயுனிட் எதுக்கு?
(வாசகர், குழித்துறை)

பதில்: கேசெல்ப்டெஸ்ட் வெளிய நின்னு சிஸ்டம் கால் (புரோகிராம் கெர்னல கூப்பிடுற வாசல்) வழியா கெர்னல தட்டிப் பாக்குறது, கேயுனிட் உள்ள போயி ஒரு பங்ஷன மட்டும் பாக்குறது. ரெண்டும் வேணும்.

கேள்வி: 40 டெஸ்ட் எழுதினேன், எல்லாம் பாஸ். போர்டுல போட்டா பத்து நிமிஷத்துல தொங்குது. அப்போ இவ்வளவு கஷ்டப்பட்டது வேஸ்டா?
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: டிரம்முல அலை அடிக்காது மக்களே. இன்டரப்ட் (ஹார்டுவேர் குறுக்க வந்து கூப்பிடுறது) எப்ப வரும், ரெண்டு சிபியு ஒரே நேரத்துல ஒரே லிஸ்ட்ட தொட்டா என்ன ஆகும், சிப் லேட்டா பதில் சொன்னா என்ன ஆகும், இதெல்லாம் யூனிட் டெஸ்ட்ல கிட்டாது. நீங்க சொல்லுறத பாத்தா லாக் (ரெண்டு பேரு ஒரே நேரத்துல தொடாம இருக்க போடுற பூட்டு) பிரச்சன மாதிரி தெரியுது, கெர்னல்ல லாக்க கண்காணிக்கிற லாக்டெப்ப ஆன் பண்ணி போர்டுலயே ஓட்டுங்க, எந்த லாக்க எந்த வரிசையில எடுத்து மாட்டினீங்கன்னு அது புட்டு புட்டு வைக்கும். மெமரி தப்ப புடிக்கிற கேஅசானையும் ஆன் பண்ணி அந்த 40 டெஸ்டையும் இன்னொருக்கா ஓட்டுங்க, எல்லை தாண்டி மெமரிய தொடுறது பாஸ் ஆன டெஸ்டுக்குள்ளயும் ஒளிஞ்சிருக்கும்.

40 டெஸ்ட் வேஸ்ட் இல்ல. கணக்கு சரின்னு தெரிஞ்சு போச்சே, இனி தேட வேண்டிய எடம் பாதியா கொறஞ்சாச்சு. சிப்போட பேசுற பகுதிக்கும் கொஞ்சம் பண்ணலாம், ரீடு ரைட்டுக்கு பங்ஷன் பாயிண்டர் வச்ச ஒரு ஸ்ட்ரக்ட் குடுத்து, டெஸ்ட்ல பொய்யான ரீடு ஒண்ண மாட்டி, மூணாவது தடவ எரர் திருப்பச் சொல்லுங்க. எரர் வந்தா லாக்க விடாம திரும்பிப் போற கோடு நம்ம எல்லாருகிட்டயும் ஒண்ணு ரெண்டு இருக்கும். மொதல்ல சொன்ன அதே பைத்தான் ஸ்க்ரிப்டுக்கு ஆர்ச் (எந்த வக சிபியுன்னு) குடுத்தா கியூஎமுங்கிற பொய் மெஷின்லயும் ஓட்டும், பிக் எண்டியன் (பெரிய பைட்ட முதல்ல வைக்கிற) மெஷின்ல ஒருதடவ ஓட்டிட்டு வாங்க, பைட் வரிசைல நம்ம பண்ணின அலட்சியம் எல்லாம் வெளிய வரும். ஒண்ணு மட்டும், ஆளுங்க உபயோகிக்கிற கெர்னல்ல கேயுனிட்ட ஆன் பண்ணி வைக்காதீங்க.

கேள்வி: எனக்க மவ வீட்டுல இருந்தேதான் வேல பாக்கா. ராத்திரி பதினோரு மணிக்கு போன்ல பேனிக் ஆயிருச்சு பேனிக் ஆயிருச்சுன்னு சொல்லுகா, கேட்டா கெர்னலுன்னு சொல்லி சிரிக்கா. பயப்பட வேண்டியதா?
(ஒரு அம்மா, திங்கள்சந்தை)

பதில்: பயப்பட ஒண்ணும் இல்லக்கா. பேனிக் ஆனது மக இல்ல, கம்ப்யூட்டருக்க அடிப்படை சாஃப்ட்வேர், இனி மேல ஓட முடியாதுன்னு அதுவே நின்னுக்கிட்டதுக்கு அப்பிடி ஒரு பேரு. பிள்ள சிரிக்குதுன்னா டிரம்முலதான் நின்னிருக்கு, கடல்ல இல்ல. ஸ்க்ரீன எட்டிப் பாருங்க, பச்சையா வரி ஓடினா பாஸ், சிவப்பு வந்தா பெயில். சிவப்பு நெறைய கண்டா அந்நேரம் மட்டும் கல்யாணப் பேச்ச எடுக்காதீங்க.