யூரியாவோடு ‘மைட்டோகாண்ட்ரியா டானிக்’கும் வாங்க வேண்டுமா?

கேள்வி: மன்னார்குடிக்கு அருகே மூன்று ஏக்கரில் சம்பா நட்டிருக்கிறேன். நட்ட முப்பதாம் நாள் பெய்த தொடர்மழையில் ஐந்து நாள் தண்ணீர் தேங்கிப் பயிர் மஞ்சளாகிவிட்டது. யூரியா வாங்கப் போனால், ‘மைட்டோகாண்ட்ரியாவின் கடத்துப் புரதங்களைத் தூண்டிப் பயிருக்குச் சக்தி தரும்’ என்று ஒரு டானிக்கையும் சேர்த்து வாங்கச் சொல்கிறார்கள். அப்படி ஒன்று உண்மையிலேயே உண்டா? வாங்கலாமா?

பதில்: கடத்துப் புரதங்கள் உண்மை. அவற்றைப் பாட்டிலில் அடைத்த திரவத்தால் தூண்டலாம் என்பது வியாபாரம். வாங்க வேண்டாம்.

பயிரின் ஒவ்வொரு உயிரணுவிலும் சக்தி தயாரிக்கும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்கு இரண்டு சவ்வுகள் உண்டு. வெளிச்சவ்வில் பெரிய துளைகள் இருப்பதால் சிறு மூலக்கூறுகள் எளிதாக நுழைந்துவிடும். உட்சவ்வோ ஏறக்குறைய எதையும் தானாக விடாது. அந்த உட்சவ்வில் பதிந்து, ஒவ்வொரு பொருளையும் ஆளறிந்து உள்ளே விடும் வாசல்களே கடத்துப் புரதங்கள். இவற்றுள் முக்கியமான ஒன்று, செலவழிந்த அடினோசின் டைபாஸ்பேட்டை உள்ளே வாங்கிக்கொண்டு, சக்தி ஏற்றிய அடினோசின் டிரைபாஸ்பேட்டை வெளியே அனுப்புகிறது. (சுருக்கெழுத்தில் எழுதினால் தமிழில் இரண்டும் ஒன்றுபோலவே ஒலிக்கும் என்பதால் முழுப்பெயரைச் சொல்கிறேன்.) காலி சிலிண்டரைக் கொடுத்தால்தான் நிரம்பிய சிலிண்டர் கிடைக்கும் என்ற கணக்குதான்: ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. பாஸ்பேட்டுக்குத் தனி வாசல்; நெல்லில் இரும்புச்சத்துக்கும் ஒரு வாசல் உண்டென்று 2011-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள், அது முற்றிலும் செயலிழந்தால் பயிரே பிழைப்பதில்லை.

இந்த வாசல்களைப் பயிர் தன் மரபணுக்களைக் கொண்டு தானே கட்டிக்கொள்கிறது. ஏறத்தாழ முந்நூறு அமினோ அமிலங்களைக் கோத்த அந்தப் புரதத்தையே நீங்கள் இலைமேல் தெளித்தாலும், அது மெழுகுப் பூச்சையும் செல்சுவரையும் கடந்து, உயிரணுவுக்குள் புகுந்து, சரியான சவ்வில் போய் அமர வழியில்லை. டானிக்கில் இருப்பது பெரும்பாலும் கடற்பாசிச் சாறோ, ஹியூமிக் அமிலமோ, நிறம் ஏற்றிய தண்ணீரோதான்.

உங்கள் வயலில் நடந்ததைப் பார்ப்போம். தண்ணீர் தேங்கியதும் வேருக்குப் பிராணவாயு குறைகிறது. அது குறைந்தால் உட்சவ்வின் இருபுறமும் இருக்கும் மின்னழுத்த வேறுபாடு தளர்ந்து, அதை நம்பி இயங்கும் வாசல்களும் தளர்கின்றன. முப்பது பங்கு சக்தி தரவேண்டிய ஒரு குளுக்கோஸ், பிராணவாயு இல்லாத நொதித்தல் வழியில் வெறும் இரண்டு பங்கைத் தந்து தீர்கிறது. இந்த நிலையில் யூரியாவைப் போட்டால் என்ன ஆகும்? யூரியாவிலிருந்து வரும் அம்மோனியத்தைப் பயிர் அமினோ அமிலமாக மாற்ற, மைட்டோகாண்ட்ரியாவில் உருவாகி இதே வாசல்கள் வழியே வெளிவரும் கரிமச் சட்டகங்கள் (அமினோ அமிலத்துக்கு எலும்புக்கூடு போன்ற கார்பன் அமைப்புகள்) வேண்டும், சக்தியும் வேண்டும். இரண்டும் முடங்கிக் கிடக்கும்போது போட்ட யூரியாவில் பெரும்பகுதி வடிகாலுக்குத்தான் போகும். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

‘நெல் தண்ணீரில் நிற்கிற பயிர்தானே’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, ஆகவே இந்த விதிவிலக்கைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்றுக் குழல்கள் உண்டு. இலைநுனி தண்ணீருக்கு மேலே இருக்கும்வரை, அந்தக் குழல்கள் வழியே காற்று வேர்நுனி வரை இறங்கி மைட்டோகாண்ட்ரியாவை ஓட்டிக்கொண்டிருக்கும். நிலக்கடலைக்கோ பருத்திக்கோ இந்த வசதி இல்லை. இலைநுனி மூழ்கிவிட்டால் சாதாரண நெல்லுக்கும் மூச்சு திணறும். சி.ஆர். 1009 சப்-1 போன்ற ரகங்கள் மூழ்கியும் ஏறக்குறைய இரண்டு வாரம் தாங்குவது எந்த வாசலையும் கூடுதலாகத் திறந்து வைத்து அல்ல. வளர்ச்சியை நிறுத்திச் சர்க்கரையைச் சேமித்துவைப்பதால்தான். ஆகவே அந்த ஐந்து நாளில் உங்கள் பயிர் முழுதாக மூழ்கியதா, பாதி மட்டும் நின்றதா என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. அதை உங்கள் கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை.

மானிய உரத்தோடு வேறொன்றைக் கட்டாயமாகத் தலையில் கட்டுவது முறைகேடு. ரசீது கேளுங்கள், இரண்டு பொருளும் தனித்தனியாக அதில் வரவேண்டும். இந்த டானிக் போன்ற பயிர் ஊக்கிகள் 2021 பிப்ரவரியிலேயே 1985-ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவரப்பட்டன. ஆனாலும் தற்காலிகப் பதிவு என்ற பெயரில் ஆண்டுக்கணக்கில் அவகாசம் நீட்டப்பட்டது. ஏறக்குறைய 30,000 பொருட்கள் கட்டுப்பாடின்றி விற்கப்பட்டு வந்ததாக 2025-இல் ஒன்றிய வேளாண் அமைச்சரே சொன்னார். நான் ஒருமுறை இப்படியொரு பாட்டிலைப் பரிசோதனைக்கு மாதிரியாகக் கொடுத்தேன். முடிவு வந்தபோது அந்த வயலில் அறுவடை முடிந்து உளுந்தும் விதைத்திருந்தார்கள். புகார் கொடுங்கள், ஆனால் அதன் முடிவுக்காகப் பயிரைக் காத்திருக்க வைக்காதீர்கள்.

முதலில் தண்ணீரை வடியுங்கள். பிறகு வயலின் நடுவிலிருந்து ஒரு குத்தைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். வெள்ளையாகப் புதுவேர் விட்டிருந்தால் பயிர் மூச்சு விடுகிறது என்று பொருள். ஏக்கருக்கு 2 கிலோ யூரியாவையும் 1 கிலோ துத்தநாக சல்பேட்டையும் 200 லிட்டர் தண்ணீரில் கலந்து இலைவழியாகத் தெளிக்கலாம். வேர் கறுத்து அழுகிய முட்டை வாடை அடித்தால், அது ஹைட்ரஜன் சல்பைடு. மைட்டோகாண்ட்ரியாவின் மூச்சையே அடைக்கும் நஞ்சு. அப்படியானால் தெளிப்பைத் தள்ளிவைத்து, மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரியும்வரை காயவிட்டு, புதுவேர் வந்த பிறகு மேலுரத்தைப் பற்றி யோசியுங்கள்.