பழைய மெட்டில் புதிய ஆட்டம்: இசை கேள்வி - பதில்

கேள்வி: ஐயா, அமெரிக்கப் பாடகி மடோனாவின் 'கன்ஃபெஷன்ஸ் ஆன் எ டான்ஸ் ஃப்ளோர்' ஆல்பத்தை அண்மையில்தான் முதன்முறையாகக் கேட்டேன். முதல் பாட்டான 'ஹங் அப்' தொடங்கியதுமே, கல்லூரி நாள்களில் கேசட் தேயத் தேயக் கேட்ட ஸ்வீடன் நாட்டு ஆபா குழுவின் பாட்டு காதில் விழுந்தது. மகிழ்ச்சி வந்தது, கூடவே ஒரு மனத்தாங்கலும் வந்தது. பிறர் உழைப்பின்மேல் ஏறி நின்று பெயர் வாங்குவது முறைதானா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: தங்கள் காது தவறவில்லை. 1979-இல் ஆபா வெளியிட்ட 'கிம்மி! கிம்மி! கிம்மி!' பாட்டின் முகப்பு இசைதான் அது. புதிதாக வாசித்துச் சேர்த்ததன்று. பழைய ஒலிப்பதிவிலிருந்தே ஒரு துண்டை எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இசைத் துறையினர் இதைச் 'சாம்பிள்' என்பார்கள். இவ்வாறு எடுப்பதற்கு இரண்டு உரிமைகள் வேண்டும்: மெட்டமைத்தவர்களின் உரிமை ஒன்று, ஒலிப்பதிவின் உரிமை மற்றொன்று.

ஆபாவின் பாட்டுகளை எழுதிய பென்னி ஆண்டர்சனும் பியோர்ன் உல்வேயஸும் இத்தகைய அனுமதியை எளிதில் தருபவர்கள் அல்லர். அதற்கு முன் அமெரிக்க ஹிப்-ஹாப் குழுவான ஃபியூஜீஸுக்கு மட்டுமே இசைந்திருந்தார்கள். ஆகவே மடோனா தம் பாட்டையும் அதனுடன் ஒரு கடிதத்தையும் ஒருவர் கையில் கொடுத்து ஸ்டாக்ஹோமுக்கு அனுப்பிக் கேட்டார். கேட்டுப் பார்த்த பிறகே அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். இன்று அந்தப் பாட்டை எழுதியவர்களாக மடோனா, இசைத் தயாரிப்பாளர் ஸ்டூவர்ட் பிரைஸ் ஆகியோருடன் அவ்விருவர் பெயரும் நிற்கின்றன. முறைதானா என்ற கேள்விக்கு இந்த அளவில் விடை கிடைத்துவிடுகிறது.

ஆனால் தங்கள் மனத்தாங்கல் சட்டத்தைப் பற்றியது மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். வாங்கிய பொருளை வைத்து என்ன செய்தார் என்பதே தாங்கள் உண்மையில் கேட்பது. ஆபாவின் பாட்டில் நள்ளிரவு தாண்டிய வேளையில் தனியறையில் இருக்கும் ஒரு பெண், தன் தனிமையைப் போக்க யாரேனும் வரமாட்டார்களா என்று ஏங்குகிறாள். மடோனாவின் பாட்டில் வரும் பெண்ணோ தொலைபேசி அழைப்புக்காகக் காத்துக் காத்துச் சலித்து, இனிக் காத்திருப்பதில்லை என்ற முடிவுக்கு வருகிறாள். 1979-இல் ஏக்கத்தைச் சுமந்த அதே இசைத்துண்டு, இருபத்தாறு ஆண்டுகள் கழித்து 2005-இல் ஓர் உறுதிக்கு அடித்தளமாகிறது. முந்தைய பாட்டை அறிந்தவருக்கு இது அந்தப் பெண்ணுக்குச் சொல்லப்படும் மறுமொழியாகவே கேட்கும். அறியாதவருக்கும் பாட்டு குறைபட்டுப் போவதில்லை. இந்த இரண்டும் ஒருங்கே அமைந்ததால்தான் நான் இந்தக் கடனைப் பெரிதும் மதிக்கிறேன்.

தொடக்கத்தை இன்னொரு முறை கேளுங்கள். முதலில் கடிகாரத்தின் டிக் டிக் ஒலி. பிறகு அந்த ஆபா இசை, நான்கு தெரு தள்ளி ஒலிபெருக்கியில் பாடுவதுபோல் மங்கலாக வருகிறது. மேல்ஸ்தாயி ஒலிகளை வடிகட்டி வைத்திருந்து சிறிது சிறிதாகத் திறந்துவிடுவதால், பாட்டு நம்மை நோக்கி நடந்து வருவதுபோல் தோன்றுகிறது. நடனக்கூடங்களில் டீஜேக்கள் கையாளும் உத்தி இது. காத்திருத்தலைப் பற்றிய பாட்டில், பழைய மெட்டுக்காக நம்மையும் சில நொடிகள் காக்க வைத்திருப்பதை நான் மிகவும் ரசித்தேன். காலம் மெல்ல நகர்வதைச் சொல்லும் ஒரு வரி 'ஹங் அப்' பாட்டில் வருகிறது. அதுவும் புதிதன்று. 1989-இல் பாடகர் பிரின்ஸுடன் சேர்ந்து மடோனா பாடிய பாட்டில் ஏற்கெனவே வந்ததுதான். பிறரிடம் வாங்கியதுபோலத் தம்மிடமிருந்தும் அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

கேள்வி: அதே ஆல்பத்தில் வேறு பழைய பாட்டுகளும் ஒளிந்திருப்பதாகச் சொல்கிறார்கள். எனக்கு எதுவும் பிடிபடவில்லை. எப்படிக் கேட்க வேண்டும்?
- ஒரு வாசகி, கோவை

பதில்: பிடிபடாததில் வியப்பில்லை. ஆபாவின் இசை வெளிப்படையாக வருகிறது. மற்றவை அடியில் ஓடுகின்றன. பாடும் குரலைச் சற்று மறந்துவிட்டு, கீழே ஓடும் பேஸ் என்ற தாழ்ந்த ஸ்தாயி ஒலியை மட்டும் தொடர்ந்து செல்லுங்கள். 'சாரி' பாட்டில் அவ்வாறு கேட்டால், ஜாக்சன்ஸ் குழு 1980-இல் பாடிய 'கேன் யூ ஃபீல் இட்' நினைவுக்கு வரும்.

இதைவிட நுட்பமானது 'ஃபியூச்சர் லவ்வர்ஸ்'. அதன் வேர், 1977-இல் டோனா சம்மர் பாடிய 'ஐ ஃபீல் லவ்' பாட்டில் இருக்கிறது. ஜார்ஜியோ மோரோடரும் பீட் பெல்லாட்டும் ஜெர்மனியின் மியூனிக் நகரில் உருவாக்கிய பாட்டு அது. வாத்தியக் கோஷ்டியை அறவே விலக்கிவிட்டு, மூக் சிந்தசைசர் என்ற மின்னணுக் கருவியைக் கொண்டே ஏறத்தாழ முழுப் பாட்டையும் கட்டினார்கள். வாத்தியங்களில் மனிதர் நேரடியாக வாசித்துப் பதிவானது கீத் ஃபோர்ஸி மிதித்த பெரிய டிரம்மின் ஒலி மட்டுமே. பேஸ் ஸ்வரம் ஒவ்வொன்றையும் ஒரு கணம் தாமதித்து எதிரொலிக்கச் செய்து, மூல ஒலியை ஒரு பக்கமும் எதிரொலியை மறுபக்கமும் வைத்தார்கள். ஹெட்ஃபோனில் கேட்டால் இரண்டு காதுகளுக்கும் நடுவே ஒரு பந்து ஓயாமல் போய்வருவது போலிருக்கும். ஒருவர் கையால் வாசிக்க முடியாத வேகம் அதனால் கிடைக்கிறது.

'ஃபியூச்சர் லவ்வர்ஸ்' பாட்டில் அந்த ஒலிப்பதிவு இல்லை. மெட்டும் சொற்களும் வேறு. மடோனாவும் அவருடன் இந்தப் பாட்டை உருவாக்கிய இசைத் தயாரிப்பாளர் மிர்வேயும் எடுத்துக்கொண்டது அந்த ஓட்டத்தை, அந்தச் சாயலை. சாயலுக்கு யாரிடமும் உரிமை கேட்கும் வழக்கம் இல்லை. ஆயினும் 2006-ஆம் ஆண்டின் இசைப்பயணத்தில் மடோனா, நிகழ்ச்சியின் முதல் உருப்படியாக இரண்டு பாட்டுகளையும் ஒன்றோடொன்று பின்னிப் பாடினார். தாம் எங்கிருந்து பெற்றோம் என்பதை மேடையில் நின்று எல்லாரும் அறியச் சொன்னதாகவே நான் அதை எடுத்துக்கொள்கிறேன். அது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது.

கேள்வி: அந்த ஆல்பத்தின் பாட்டுகளை வரிசை மாற்றிக் கேட்கலாமா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: முதல் முறை வேண்டாம். பன்னிரண்டு பாட்டுகளும் இடைவெளியின்றி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குள் வழிந்து செல்லும்படி கோக்கப்பட்டவை. விளம்பரம் இடைபுகும் இலவசச் சேவையில் கேட்டால் அந்த அமைப்பே குலைந்துவிடும். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே ஆகும். உட்கார்ந்து முழுவதும் கேளுங்கள். 'ஐ லவ் நியூயார்க்' பாட்டில் சொற்கள் மெலிந்திருப்பதால் எனக்கு அங்கே மட்டும் சலிப்புத் தட்டுகிறது.

கேள்வி: இளைய தலைமுறைப் பாடகி டுவா லிப்பாவும் இதையே செய்வதாக என் மகள் சொல்கிறாள். உண்மையா?
- ஒரு வாசகி, சென்னை

பதில்: உண்மைதான். 2020-இல் வந்த 'ஃபியூச்சர் நாஸ்டால்ஜியா' என்ற ஆல்பத்தின் பெயரிலேயே அந்த நோக்கம் தெரிகிறது. மகளுடன் அமர்ந்து முதலில் 'லவ் அகெய்ன்' கேளுங்கள். அதில் வரும் டிரம்பெட் ஒலி 1932-இல் லூ ஸ்டோன் குழுவினருடன் அல் பவுலி பாடிய 'மை வுமன்' என்ற பாட்டின் பதிவிலிருந்து வந்தது. 1997-இல் ஒயிட் டவுன் என்ற பெயரில் வெளியான 'யுவர் வுமன்' பாட்டும் அதே ஒலியால்தான் உலகெங்கும் அறியப்பட்டது. ஒரு சிறு டிரம்பெட் துண்டு, தொண்ணூறு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலத்தில் மூன்று தலைமுறைகளின் காதுகளைத் தொட்டிருக்கிறது. மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டால், பழைய பதிவின் கரகரப்பைத் துடைத்தெறியாமல் வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள் என்பது புரியும்.

அடுத்து 'பிரேக் மை ஹார்ட்'. இங்கே சாம்பிள் இல்லை. ஆஸ்திரேலியாவின் இன்எக்ஸ்எஸ் குழு 1987-இல் வெளியிட்ட 'நீட் யூ டுநைட்' பாட்டின் கிட்டார் துணுக்கைப் போன்றதொரு மெட்டைப் புதிதாக வாசித்திருக்கிறார்கள். ஒலிப்பதிவைத் தொடாததால் மெட்டமைத்தவர்களின் உரிமை மட்டுமே இங்கே தேவைப்படுகிறது. அதை மறைக்காமல் ஆண்ட்ரூ ஃபாரிஸ், மைக்கேல் ஹட்சன்ஸ் ஆகிய இருவரையும் பாட்டாசிரியர் வரிசையில் சேர்த்திருக்கிறார்கள். ஹட்சன்ஸ் 1997-லேயே மறைந்துவிட்டார். இருபத்துமூன்று ஆண்டுகள் கழித்து வந்த ஒரு நடனப் பாட்டில், அதை எழுதியவர்களுள் ஒருவராக அவர் பெயரும் இருக்கிறது.