மலைக்கோட்டைப் பயணமும் பர்ஸும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: பள்ளி லீவில் அம்மா (வயது 68), மனைவி, இரண்டு பிள்ளைகளோடு திருச்சி மலைக்கோட்டைக்குப் போக நினைக்கிறேன். எங்கள் ஊர் டிராவல்ஸ் ஒன்றில் வேனில் ஒரு நாள் டூர் போடுகிறார்கள். மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருவானைக்காவல், சமயபுரம், தலைக்கு 1,450 ரூபாய். ‘கோட்டை நுழைவுக் கட்டணம், ஸ்பெஷல் தரிசனம் உட்பட’ என்று நோட்டீஸில் போட்டிருக்கிறது. நம்பிப் போகலாமா? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு.
— மன்னார்குடி வாசகர்

பதில்: ஐந்து பேருக்கு 7,250 ரூபாய் ஆகிறது. முன்பணம் கொடுக்கும் முன், அந்தக் ‘கோட்டை நுழைவுக் கட்டணம்’ எந்தக் கோட்டைக்கு என்று கேட்டுவிடுங்கள். 1751-52இல் ஆற்காட்டு நவாப் பட்டத்துக்குப் போட்டியிட்ட இருவரில் சந்தா சாகிப்பும் அவருக்குத் துணையான பிரெஞ்சுக்காரர்களும் வெளியே, முகமது அலி உள்ளே என்று முற்றுகை நடந்த கோட்டை மதில்சுவர் பின்னாளில் இடிக்கப்பட்டது. அகழியைத் தூர்த்த இடத்தில்தான் இன்று மேலப் புலிவார்டு ரோடும் கீழப் புலிவார்டு ரோடும் ஓடுகின்றன. மிஞ்சியது கோட்டையின் பழைய வாசலான மெயின்கார்டு கேட். அதன் வழியாகத்தான் ஊரே துணிக்கடைக்குப் போய் வருகிறது, யாரும் காசு கேட்பதில்லை. மலைமேல் இருப்பது கோவில். அங்கே கேமராவுக்கோ வேறெதற்கோ கட்டணம் வாங்கினால் சில்லறைத் தொகைதான், அதற்கும் சீட்டு கொடுப்பார்கள்.

எனக்கு அதைவிட உறுத்துவது நேரக் கணக்கு. மன்னார்குடியில் விடியற்காலை ஏறி, வழியில் டிபன் முடித்து, திருச்சி போய்ச் சேரவே எட்டு, எட்டரை ஆகும். நான்கு கோவில் என்றால் மலைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவார்கள். மலை 83 மீட்டர், படிகள் நானூற்றுச் சொச்சம். நடுவில் தாயுமானவர், மட்டுவார்குழலி அம்மை, உச்சியில் பிள்ளையார். மேலே ஏறும் வழியில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகை இருக்கிறது. உள்ளே கங்கையைச் சடையில் ஏந்தும் சிவன் சிற்பம். வேனில் வருகிற பெரும்பாலோர் அது இருப்பதே தெரியாமல் தாண்டி ஓடுகிறார்கள்.

வேன் வேறு கோவிலை முதலில் வைத்து, மலைக்கு நண்பகலில் கொண்டுவிட்டால் இன்னும் மோசம். உச்சிக்காலத்துக்குப் பிறகு தாயுமானவர் சந்நிதி நடை சாத்தி, மாலையில்தான் திறப்பார்கள். செருப்பைக் கீழேயே விட்டுவிட்டுத்தான் ஏறவேண்டும். பாறைக்குள் குடைந்த படிக்கட்டு வரை கால் குளுகுளுவென்று இருக்கும். கடைசியில் திறந்த பாறைக்கு வந்ததும் வெயில் உள்ளங்காலில் ஏறும். பிள்ளைகள் குதித்துக்கொண்டே ஓடுவார்கள், அம்மாவால் முடியாது. லிஃப்ட் கிடையாது. அடிவாரத்து மாணிக்க விநாயகரைக் கும்பிட்டு, முடிந்தால் தாயுமானவர் வரை மெல்ல ஏறி அங்கேயே அம்மா உட்கார்ந்துகொள்ளட்டும். விநாயகர் சதுர்த்தி அன்று மட்டும் அவரைக் கூட்டிப் போகாதீர்கள். பிரம்மாண்டக் கொழுக்கட்டை படைக்கும் நாள், படியெல்லாம் தலைதான் தெரியும்.

என் யோசனை: தஞ்சாவூர் வரை பஸ், அங்கிருந்து திருச்சி ஜங்ஷனுக்கு ரயில், பிறகு சத்திரம் பேருந்து நிலையம் போகும் டவுன் பஸ். மெயின்கார்டு கேட்டில் இறங்கினால் தெப்பக்குளம் பக்கம். காலையில் மலை, மாலையில் ஸ்ரீரங்கம், அவ்வளவு போதும். செலவும் பாதிக்குப் பாதி மிஞ்சும். இல்லை, வேன்தான் வேண்டும் என்றால் நம்பர் பலகையைப் பாருங்கள். வாடகை வண்டிக்கு மஞ்சள் பலகை இருக்கவேண்டும். வெள்ளைப் பலகை சொந்த வண்டியில் காசு கொடுத்துப் போய், விபத்து என்று ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரிக்க வாய்ப்பு அதிகம். எந்தெந்தக் கோவில், எத்தனை மணிக்கு, ரத்தானால் எவ்வளவு திரும்ப வரும் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனதால் தாயுமானவருக்கு வாழைத்தார் வேண்டுதல் செலுத்தப் போனோம். அடிவாரத்தில் ஒருவர் ‘தார், அர்ச்சனை எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று 2,000 ரூபாய் வாங்கினார். ரசீது தரவில்லை. ஏமாந்துவிட்டோமா?
— கும்பகோணம் வாசகி

பதில்: தார் சாமிக்குப் போய்ச் சேர்ந்ததா? சேர்ந்தது என்றால் வேண்டுதலில் குறையில்லை, பணத்தில்தான் குறை. காவிரி வெள்ளத்தால் தாய் வர முடியாமல் தவித்த பெண்ணுக்குத் தாயாக வந்து பேறுகாலம் பார்த்தவர் என்பதால்தான் அவர் தாயுமானவர். அவர் சந்நிதிக்கு வரும் குடும்பங்களின் நெகிழ்ச்சிதான் இந்த மாதிரி ஆட்களுக்கு மூலதனம்.

கோவில் அறநிலையத் துறையின் கீழ் இருக்கிறது. அர்ச்சனைச் சீட்டு கோவில் கவுன்ட்டரில் வாங்குவது; வெளியாள் கையில் கொடுத்தது கோவில் கணக்கில் வராது. தாரை நீங்களே வாங்கலாம். காந்தி மார்க்கெட் பக்கம் வாழைக்காய் மண்டி இருக்கிறது. முகூர்த்த நாளில் மட்டும் விலை எகிறும். ஜிபேயில் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவோடு கோவில் அலுவலகத்தில் எழுத்துப் புகார் கொடுங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் பணம் திரும்புவது கஷ்டம்தான்.

கேள்வி: கடையில் 20 ரூபாய் தண்ணீர் பாட்டிலுக்கு ‘கூலிங் சார்ஜ்’ என்று 25 வாங்கினார்கள். சரியா?
— திருவாரூர் வாசகர்

பதில்: தப்பு. அச்சிட்ட விலைக்கு மேல் கடையில் ஒரு ரூபாய்கூட வாங்கக்கூடாது. தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் புகார் செய்யலாம். ஆனால் உட்கார்ந்து சாப்பிடும் ஹோட்டலில் பரிமாறினால் கூடுதலாக வாங்கலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கேள்வி: ஆப்பில் பணம் கட்டி ரூம் புக் செய்து போனால், ‘ஆன்லைன் புக்கிங் எடுப்பதில்லை, வேண்டுமானால் ரொக்கமாக 2,200 கொடுங்கள்’ என்றது லாட்ஜ். வேறு வழியில்லாமல் கொடுத்தோம். வழக்குப் போடத் திருச்சிக்கு அலைய வேண்டுமா?
— நாகப்பட்டினம் வாசகர்

பதில்: வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். ஆப் நிறுவனங்கள் பல நேரம் அந்தக் கட்டத்திலேயே பணத்தைத் திருப்பிவிடுகின்றன. அசையாவிட்டால் நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை, காலக்கெடு 2 ஆண்டு. புக்கிங் உறுதியான ஸ்கிரீன்ஷாட்டும், லாட்ஜில் கட்டிய 2,200க்குப் பில்லும் அவசியம். பில் தர மறுப்பதும் இந்தச் சட்டத்தில் முறையற்ற வணிகம்தான். கையோடு பில்லில் ஜி.எஸ்.டி.யையும் பாருங்கள்: நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம்தான். பழைய 12 சதவீதமே போட்டிருந்தால் அதையும் புகாரில் சேருங்கள்.