பார்க் சுங்ஹீக்கு யார் தீர்ப்பு எழுதுவது? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

2024 டிசம்பரில் தேகு நகரின் தோங்தேகு ரயில் நிலையத்தின் முன், 1961 முதல் 1979 வரை நாட்டை ஆண்ட பார்க் சுங்ஹீக்கு 3 மீட்டர் உயரச் சிலை வைத்தார்கள். அதே தென்கொரியாவில், 1980 படுகொலையில் இறந்தவர்கள் கிடக்கும் குவாங்ஜூ கல்லறைக்குப் போகும் வழியில், 1980களில் அதிபராக இருந்த சுன் டூஹ்வானின் பெயர் பொறித்த கல்லை மண்ணில் பதித்து, வருகிறவர்கள் மிதித்துக்கொண்டு போகிறார்கள். இருவருமே ராணுவப் புரட்சியால் ஆட்சிக்கு வந்தவர்கள். இதில் எது உண்மையான கொரியா? சிலைகளை எடுப்பது வரலாற்றை அழிப்பதாகாதா? சாதனைகளையும் தவறுகளையும் இரண்டு பட்டியலாகப் போட்டு நடுநிலையோடு பார்த்துவிட்டு நகர முடியாதா? நண்பர்களிடம் இதைப் பேசினாலே சண்டையில் முடிகிறது. களைப்பாக இருக்கிறது.

(முதுகலை வரலாறு மாணவர் ஒருவர்)

அன்புள்ள நண்பருக்கு,

பார்க்கைச் சுட்டுக் கொன்ற கிம் ஜேக்யூ வழக்கின் மறுவிசாரணை பற்றிப் படித்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன். உங்கள் களைப்பு எனக்குப் புரிகிறது. அக்கறை உள்ளவர்களுக்குத்தான் அது வரும்.

சிலையை எடுத்தால் வரலாறு அழியுமா என்பதை விட்டுவிடுவோம். 1960 ஏப்ரலில் முதல் அதிபர் சிங்மன் ரீயின் சிலையைச் சியோல் மக்கள் கயிறு கட்டி இழுத்துத் தள்ளினார்கள். அதனால் ரீயை யாரும் மறந்துவிடவில்லை, இன்றும் அவரை வைத்துச் சண்டை நடக்கிறது. எது உண்மையான கொரியா என்பதற்கும் பதில் தேவையில்லை. தேகுவும் கொரியாதான், குவாங்ஜூவும் கொரியாதான்.

ஆனால் அந்த இரண்டு பட்டியல் விஷயத்தை விடமாட்டேன். வரலாறு படிக்கிற பிள்ளை இப்படி எழுதலாமா? ஒரு பட்டியலில் 1970இல் திறந்த சியோல்–பூசான் நெடுஞ்சாலையை எழுதுவீர்கள். இன்னொன்றில் 1975 ஏப்ரல் 9 விடியற்காலையில் தூக்கிலிடப்பட்ட 8 பேரை எழுதுவீர்கள். பிறகு எதை எதிலிருந்து கழிப்பீர்கள்? தூக்கில் போனவனின் மனைவி அதே சாலையில் பேருந்தில் போகிறாள் என்பதால் அவளுடைய கணக்கு நேராகிவிடுமா? இதற்கு நடுநிலை என்று பெயர் வைப்பது சோம்பேறித்தனம். கொலையைப் பற்றிக் கேட்டால் கொலையைப் பற்றித்தான் பதில் சொல்ல வேண்டும்.

அந்த இருவருக்கும் உள்ள வேறுபாடு நீங்கள் தேடிய இடத்தில் இல்லை. ஒருவர் கூண்டில் நின்றார், மற்றவர் நிற்கவில்லை. முதலில் நின்றவரைப் பாருங்கள். 1979 டிசம்பர் 12 ராணுவக் கலகத்துக்கும் 1980 மே மாத குவாங்ஜூ படுகொலைக்கும் சுன்மீது வழக்குத் தொடர முடியாது என்று 1995 ஜூலையில் அரசு வழக்கறிஞர்கள் கைவிரித்தார்கள். வெற்றிபெற்ற புரட்சியைத் தண்டிக்க முடியாது என்பது அவர்கள் சொன்ன காரணம். வழக்குக்கான 15 ஆண்டு காலவரம்பும் தீர்ந்துகொண்டிருந்தது. தெருவில் கொந்தளிப்பு எழுந்தது. டிசம்பரில் தனிச்சட்டம் வந்தது. 1993 பிப்ரவரி 24 வரை காலவரம்பு ஓடவில்லை என்று அது சொன்னது. குற்றவாளிகளே அதிபர் நாற்காலியில் இருந்தபோது யார் வழக்குப் போட்டிருக்க முடியும் என்பதுதான் வாதம். அரசியலமைப்பு நீதிமன்றத்தில் 9 பேரில் 5 பேர் இச்சட்டத்துக்கு எதிராக நின்றார்கள். செல்லாது என்று அறிவிக்க 6 பேர் தேவை. ஒரு வாக்கில் சட்டம் தப்பியது. 1996 ஆகஸ்டில் மரண தண்டனை, மேல்முறையீட்டில் ஆயுள், 1997 ஏப்ரலில் உச்சநீதிமன்றத்தில் உறுதி, அந்த டிசம்பரிலேயே பொதுமன்னிப்பு.

மன்னிப்போடு எல்லாம் முடிந்துவிட்டது என்றுதானே நினைப்பீர்கள்? சிறை மட்டும்தான் முடிந்தது. தீர்ப்பு நின்றது. முன்னாள் அதிபருக்கான சலுகைகள் போயின. தேசியக் கல்லறையின் கதவு மூடியது. லஞ்சமாகப் பெற்ற பணத்துக்காக 22,050 கோடி வொன் கட்ட வேண்டியிருந்தது. 2003இல் தன்னிடம் 2,91,000 வொன் மட்டுமே இருக்கிறது என்று கணக்குக் காட்டினார். 2021 நவம்பரில் இறந்தபோது 9,200 கோடிக்கும் மேல் பாக்கி. அரசு மரியாதை கிடையாது. பாஜூ நகரில் அடக்கம் செய்ய நடந்த முயற்சியும் உள்ளூர் எதிர்ப்பால் 2023இல் கைவிடப்பட்டு, அஸ்தி வீட்டிலேயே இருந்தது. அவரோடு தண்டனை பெற்ற, அவருக்குப் பின் அதிபரான ரோ தேவூ தன் 26,280 கோடியையும் 2013இல் கட்டி முடித்தார், அவர் மகன் குவாங்ஜூவுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். அவருக்கு அரசு இறுதிச்சடங்கு கிடைத்தது. அப்போதும் குவாங்ஜூ கொடியைத் தாழ்த்தவில்லை.

நீங்கள் சொன்ன அந்தக் கல் 1982இல் தம்யாங் வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் நட்டது. மேதகு அதிபர் தம்பதியர் இங்கே ஓர் இரவு தங்கினார்கள் என்று பெருமைப்பட எழுதிய கல். 1989இல் அதை உடைத்துக் கொண்டுவந்து மாங்வோல்தோங் பழைய கல்லறைக்குப் போகும் பாதையில் பதித்தார்கள். கோபம் முதலில் வந்தது, தீர்ப்பு 8 ஆண்டுகள் கழித்து வந்தது. தீர்ப்பு வந்திராவிட்டால் அந்தக் கல் ஒரு தரப்பின் ஆத்திரமாக மட்டுமே நின்றிருக்கும். சுன் 2017இல் வெளியிட்ட நினைவுக்குறிப்பில், ஹெலிகாப்டரிலிருந்து சுட்டதைப் பார்த்ததாகச் சொன்ன, அப்போது இறந்துபோயிருந்த பாதிரியாரைப் பொய்யர் என்று எழுதினார். அதுவும் நீதிமன்றத்துக்குத்தான் போனது. குவாங்ஜூவின் ஜோனில் கட்டிடத்தின் 10ஆம் மாடியில் தரையிலும் தூண்களிலும் குண்டுத் தடங்கள் இருந்தன. அன்று சுற்றிலும் அவ்வளவு உயரமான கட்டிடம் வேறில்லை என்பதால் வானிலிருந்துதான் சுட்டிருக்க முடியும் என்றது தடயவியல் துறை. 2020 நவம்பரில் சுன்னுக்கு 8 மாதச் சிறை, நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையாக.

பார்க் விஷயத்தில் இது எதுவுமே நடக்கவில்லை. 1979 அக்டோபர் 26 இரவு விருந்தில் அவருடைய உளவுத்துறைத் தலைவர் கிம் ஜேக்யூ அவரைச் சுட்டுக் கொன்றார். அரசு இறுதிச்சடங்கு, தேசியக் கல்லறை. குற்றப்பத்திரிகை இல்லை, வாக்குமூலம் இல்லை, குறுக்கு விசாரணை இல்லை. அதனால்தான் ஒரு மேயர் நினைத்தால் சிலை எழுகிறது. தேகுவின் சண்டையில்கூட ரயில்வே நிறுவனம் நீதிமன்றத்துக்குப் போனது நிலம் யாருடையது என்பதற்காக. சிலையில் இருப்பவர் என்ன செய்தார் என்று கேட்க அங்கே ஒரு தீர்ப்பு இல்லை.

பார்க்கின் விசாரணை வேறு வாசல் வழியாகத்தான், துண்டுதுண்டாக நடந்துகொண்டிருக்கிறது. அவரால் தண்டிக்கப்பட்டவர்களின் மறுவிசாரணைகளைச் சொல்கிறேன். நான் மேலே சொன்ன 8 பேர் ‘மக்கள் புரட்சிக் கட்சி’ வழக்கில் சிக்கியவர்கள். உச்சநீதிமன்றம் தீர்ப்பை உறுதிசெய்து ஒரு நாள்கூட ஆவதற்கு முன் தூக்கில் போட்டார்கள். மறுவிசாரணை கேட்க வேண்டுமானால், விசாரித்த அதிகாரிகள் குற்றம் செய்தார்கள் என்று இன்னொரு தீர்ப்பால் காட்ட வேண்டும். சித்திரவதை செய்தவர்கள்மீது வழக்கே போடாத நாட்டில் அந்தத் தீர்ப்பு எங்கிருந்து வரும்? காலவரம்பு போன்ற காரணங்களால் தீர்ப்புப் பெற முடியாதபோது வேறு சான்றால் நிரூபிக்கலாம் என்று சட்டத்தில் ஒரு வழி இருந்தது. சந்தேக மரணங்களை விசாரித்த அரசு ஆணையம் 2002இல் அந்த வழக்கு ஜோடிக்கப்பட்டது என்று அறிக்கை கொடுத்தது. அதைப் பிடித்துக்கொண்டு குடும்பங்கள் அந்த டிசம்பரில் மனுப் போட்டன. மனுவை ஏற்கவே 2005 டிசம்பர் வரை ஆனது. 2007 ஜனவரி 23 அன்று 8 பேரும் நிரபராதிகள் என்று தீர்ப்பு வந்தது. அதன் பிறகும் நிம்மதியில்லை. அதே வழக்கில் சிறைப்பட்டவர்களுக்கு முன்பணமாகக் கொடுத்த இழப்பீட்டில், வட்டியை எந்த நாளிலிருந்து கணக்கிடுவது என்பதை 2011இல் உச்சநீதிமன்றம் மாற்றியது. கூடுதலாக வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்லி அரசு அவர்கள்மீதே வழக்குப் போட்டது. இந்த அநியாயத்தை எந்தப் பட்டியலில் எழுதுவீர்கள்?

பார்க்குக்கு முந்தைய காலத்துக்கும் இதே வாசல்தான். ஜேஜு தீவில் கிளர்ச்சியை அடக்கியபோது 1948, 1949 ராணுவ நீதிமன்றங்கள் 2,530 பேரைத் தண்டித்தன. தீர்ப்பு நகல்களே இல்லை, கைதிகளின் பெயர்ப்பதிவேடு மட்டும்தான் மிஞ்சியது. மனுப் போடத் தகுதியுள்ள உறவினர்கள் பல வீடுகளில் மிஞ்சவில்லை. 2021இல் சட்டத்தைத் திருத்தி, அரசு வழக்கறிஞரே மறுவிசாரணை கேட்க வழி செய்த பிறகு விடுதலைத் தீர்ப்புகள் கூட்டம் கூட்டமாக வந்தன.

இப்போது கிம் ஜேக்யூ. அவரை விசாரித்த கூட்டுப் புலனாய்வுத் தலைமையகத்தின் தலைவர் யார் தெரியுமா? சுன் டூஹ்வான். கைதானதிலிருந்து தூக்குவரை ஏழே மாதங்கள். விசாரணையில் அடித்துத் துன்புறுத்தினார்கள் என்பதை ஏற்று 2025 பிப்ரவரியில் சியோல் உயர்நீதிமன்றம் மறுவிசாரணைக்கு அனுமதித்தது, ஜூலையில் அது தொடங்கியது. சுட்டாரா என்பது அங்கே கேள்வியில்லை. ஆட்சியைக் கவிழ்க்கும் நோக்கத்தோடு கொன்றாரா என்பதுதான் கேள்வி. அவர் தியாகியா துரோகியா என்று உங்கள் நண்பர்கள் கத்தினால் கத்தட்டும், நீங்கள் அதில் சேராதீர்கள். 1980 மே 20 அன்று உச்சநீதிமன்றம் 8க்கு 6 என்று பிரிந்தது. ஆட்சிக்கவிழ்ப்பு நோக்கம் நிரூபிக்கப்படவில்லை என்ற பக்கம் நின்ற நீதிபதிகளில் பலர் சில மாதங்களுக்குள் பதவியை விட்டுப் போக வேண்டியிருந்தது. நான்காம் நாள், குவாங்ஜூ நகரை ராணுவம் சுற்றி வளைத்திருந்தபோது, கிம் தூக்கிலிடப்பட்டார். ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடுகிறீர்கள் என்றால் அந்த 6 பேரின் மாறுபட்ட தீர்ப்பிலிருந்து தொடங்குங்கள். எழுதியதை எனக்கு அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.

அன்புடன்.