பார்கோடும் ஐ.எஸ்.ஆர்.சி.யும்: இசை வெளியிடுவோரின் ஐயங்களுக்குப் பதில்கள்

கேள்வி: எனது தொகுப்பில் எட்டுப் பாடல்கள் உள்ளன. எட்டுப் பார்கோடுகள் வேண்டுமா?

பதில்: ஒன்றே போதும். பார்கோடு அடையாளம் காட்டுவது விற்பனைக்கு வரும் பொருளையே அன்றி, அதனுள் இருக்கும் பாடல்களை அன்று. அதே தொகுப்பைக் குறுந்தகடாகவும் வினைல் இசைத்தட்டாகவும் வெளியிட்டால், கடையின் இருப்புக் கணக்கில் அவை இருவேறு சரக்குகள் என்பதால், ஒவ்வொன்றுக்கும் தனி எண் தேவைப்படும். எட்டு வேண்டியது ஐ.எஸ்.ஆர்.சி. என்னும் பன்னாட்டு ஒலிப்பதிவுக் குறியீடுதான்; அது ஒவ்வொரு பதிவுக்கும் ஒன்று.

கேள்வி: சில பார்கோடுகளில் 12 இலக்கங்களும் சிலவற்றில் 13 இலக்கங்களும் இருப்பது ஏன்?

பதில்: வட அமெரிக்காவில் தோன்றிய யு.பி.சி. என்னும் பார்கோடு வகை 12 இலக்கங்கள் கொண்டது, இ.ஏ.என். என்னும் வகை 13 இலக்கங்கள் கொண்டது. முன்னதன் தொடக்கத்தில் ஒரு சுழியம் சேர்த்தால் பின்னதாகிவிடும். கடைசி இலக்கம் சரிபார்ப்பு எண். 13 இலக்க எண்ணில், இடமிருந்து முதல் 12 இலக்கங்களை 1, 3 என மாறி மாறிப் பெருக்கிக் கூட்டி, அடுத்த பத்தின் மடங்கை எட்ட எவ்வளவு குறைகிறதோ அதுவே அந்த எண். கூட்டுத்தொகை 89 எனில் சரிபார்ப்பு எண் 1.

கேள்வி: ஐ.எஸ்.ஆர்.சி.யைப் பார்த்தே பாடல் எந்த நாட்டில், எந்த ஆண்டில் பதிவானது என்று கூறலாமா?

பதில்: கூற இயலாது. மொத்தம் 12 குறிகளில் முதல் ஐந்து குறியீட்டை வழங்கியவரைக் காட்டும். அவற்றின் தொடக்கத்தில் உள்ள இரண்டு எழுத்துகள் பதிவான நாட்டைக் குறிப்பன அல்ல. அடுத்த இரண்டு இலக்கங்கள் குறியீடு வழங்கப்பட்ட ஆண்டு. பதிவு அதற்குப் பல்லாண்டு முந்தையதாகவும் இருக்கலாம். எஞ்சிய ஐந்தும் வரிசை எண். இதில் சரிபார்ப்பு எண் கிடையாது. ஓர் இலக்கம் பிழையாகத் தட்டச்சானாலும் எந்தக் கணக்கும் அதைக் காட்டிக்கொடுக்காது என்பதால், நகலெடுத்து ஒட்டுவதே நல்லது.

கேள்வி: விநியோகஸ்தரை மாற்றுகிறேன். புதியவர் புதிய ஐ.எஸ்.ஆர்.சி. தருவதாகச் சொல்கிறார். ஏற்கலாமா?

பதில்: ஏற்கவே வேண்டாம் என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன். பதிவு மாறாதவரை, உரிமையாளர் மாறினாலும் விநியோகஸ்தர் மாறினாலும் அதன் குறியீடு மாறக் கூடாது. பழைய வெளியீட்டை நீக்குமாறு சொல்வதற்கு முன்பே எல்லாக் குறியீடுகளையும் எழுதி வைத்துக்கொண்டு, புதியவரிடம் அவற்றையே கொடுங்கள். புதிய குறியீடு இட்டால் அதே பாடல் வேறொரு பதிவாகக் கருதப்பட்டு, இதுவரை சேர்ந்த கேட்பு எண்ணிக்கை அதனுடன் இணையாமல் போகக்கூடும். பதிவுக்கான உரிமைத் தொகையைக் கணக்கிடுவோரும் ஒரு பாடலை இரண்டாகக் காண்பார்கள். பழையவர் தமது எண் வரிசையிலிருந்து கொடுத்த பார்கோடு மட்டும் மாற நேரிடலாம். அது அத்தனை பெரிய இழப்பன்று. எத்தனையோ பேர் இந்த ஒரு பட்டியலை வைத்திராததால்தான் பின்னர் அல்லற்படுகிறார்கள்.

கேள்வி: ரீமிக்ஸ், மேடைப் பதிவு ஆகியவற்றுக்கு?

பதில்: இரண்டும் புதிய பதிவுகளே, புதிய குறியீடு வேண்டும். தனிப்பாடலாக வந்த அதே பதிவு பின்னர் தொகுப்பில் இடம்பெற்றால் பழைய குறியீடே தொடரும்.

கேள்வி: மெட்டமைத்தவருக்கும் பாடலாசிரியருக்கும் எந்தக் குறியீடு?

பதில்: அவர்களுடைய படைப்புக்கு உரியது ஐ.எஸ்.டபிள்யூ.சி. என்னும் பன்னாட்டு இசைப் படைப்புக் குறியீடு; "டி" என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கிப் பத்து இலக்கங்கள் கொண்டது. ஒரே பாடலை ஐவர் தனித்தனியே பாடிப் பதிந்தால் ஐ.எஸ்.ஆர்.சி. ஐந்தாகும், இது ஒன்றாகவே இருக்கும்.

கேள்வி: பழைய இசைத்தட்டுகளைச் சேகரிக்கிறேன். பார்கோடு இல்லாதவற்றை எவ்வாறு இனங்காண்பது?

பதில்: இசைத்தட்டு உறைகளில் பார்கோடு இடம்பெறத் தொடங்கியதே 1970களின் இறுதியில்தான். அதற்கு முந்தையவற்றுக்கு நிறுவனத்தின் பட்டியல் எண்ணைப் பாருங்கள். அதனோடு, நடு லேபிளுக்கும் கடைசி வரித்தடத்துக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தில் பொறிக்கப்பட்ட மேட்ரிக்ஸ் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பட்டியல் எண்ணில் வந்த வெவ்வேறு அச்சுகளைப் பிரித்தறியப் பெரும்பாலும் அதுவே உதவும்.